ஒரு வரி கீழே

ஜூன் 4
பயிற்சி மருத்துவர் விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அந்த மலை உச்சியில் காதை மூடிக்கொள்கிறாயா, இல்லை “எனக்கென்ன குளிர்” என்று வீம்புக்கு நிற்கிறாயா? இருமல் விட்டதா? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அம்மா போன் செய்யும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறாள். வானிலை நிலையத்தில் போன் சிக்னல் கிடையாது, ஜீப் வரும்போதுதான் கடிதம் வரும் போகும் என்று எத்தனை முறை சொன்னாலும், “அதெல்லாம் சாக்குடி, அவளுக்குப் பேச மனசில்ல” என்கிறாள். ஒரு வரி எழுதிப் போடு.

இனி என் கதை. அக்கா, என் கைக்கு டேப் வந்துவிட்டது! ஸ்லேட் மாதிரி தொடுதிரைக் கணினி, எங்கள் வார்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிற வேலை எனக்கு.

இதுவரை எப்படி இருந்தது தெரியுமா? காலையில் பெரியவர் முன்னால் நடப்பார். எங்கள் வார்டின் தலைமை டாக்டரைத்தான் சொல்கிறேன். நேரில் “சார்”, முதுகுக்குப் பின்னால் “பெரியவர்”. அவருக்குப் பின்னால் சிஸ்டரம்மா, அதற்குப் பின்னால் பயிற்சி டாக்டர்கள், கடைசியாக நான், இரண்டு கை நிறைய கேஸ் அட்டைகளோடு. “நேத்து ரத்தப் பரிசோதனை என்னாச்சு?” என்று கேட்டால் போதும், நான் புரட்டுகிற புரட்டலில் ஒரு காகிதம் கட்டிலுக்கு அடியில் போகும். அதன் பின்னால் நானும் போவேன். வெளியே வந்து பார்த்தால் எல்லாரும் அடுத்த கட்டிலில் இருப்பார்கள். நோயாளி மட்டும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்.

இப்போது அந்தப் பாடு இல்லை. நோயாளிகளின் பெயர்கள் கட்டில் வரிசைப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். பெயரைத் தொட்டால் காய்ச்சல், ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் வந்து நிற்கிறது. மருந்து, சாப்பாடு, பயிற்சி என்று பெரியவர் சொல்வதை அங்கேயே அமுக்கினால் அது சிஸ்டரம்மாவுக்கும் மருந்தகத்துக்கும் போய்விடும். எட்டாம் கட்டில்காரருக்கு அவருடைய எக்ஸ்ரேயையே காட்டினேன். “இதுவா என் நெஞ்சு? பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு” என்று பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் காட்டச் சொன்னார்.

பெரியவர் மட்டும் அதைத் தொடவே மாட்டார். “எனக்கு எதுக்கும்மா இது? எல்லாம் இங்க இருக்கு” என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். நிஜம்தான் அக்கா. போன வருடம் வந்து போன நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி போட்ட இடம் வீங்கியது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் தன் ரகசிய எண்ணை என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் வாயால் சொல்வார், நான் அவர் பெயரில் அமுக்குவேன். விதிப்படி கூடாதாம். அவரிடம் போய் யார் சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் செல்லத் தங்கை

---

ஜூன் 17
வானிலை நிலையம்

அடி வாலு,

உன் கடிதம் ஜீப்பில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் நசுங்கி வந்தது. பிழைத்துக்கொண்டது. எனக்கும் இருமல் பிழைத்துவிட்டது, அதாவது இன்னும் இருக்கிறது. எங்கள் ரேடியோக்காரர் வெந்நீரில் ஏதோ இலையைப் போட்டுக் கொடுக்கிறார். குடிக்கச் சகிக்கவில்லை. தினமும் குடிக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தால் அம்மா என்னைத்தான் கேட்பாள்.

நீ டேப் பற்றி எழுதியதை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் ஐந்து பேர்தான். கட்டிலுக்கு அடியில் நீ போன இடத்தில் ரேடியோக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உனக்கு இங்கே மவுசு போ.

ஒரே ஒரு சந்தேகம். இன்னொருவர் பெயரில் நீ அமுக்குகிறாய். தப்பாக அமுக்கினால் அது யார் கணக்கு? நான் மழையளவைத் தப்பாக எழுதினால் என் கையெழுத்து அங்கே இருக்கும், என்னைக் கூப்பிட்டு உரிப்பார்கள். கொஞ்சம் பார்த்து நடந்துகொள்.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். ஒரு வரி இல்லை, இரண்டு பக்கம்.

அக்கா

---

ஜூலை 1
விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அம்மா உன் கடிதத்தை எனக்குப் போனில் மூன்று முறை படித்துக் காட்டினாள். “பார்த்தியா, எவ்வளவு அழகா எழுதறா” என்று இப்போது என்னைத் திட்டுகிறாள். உனக்கு இருமல் விடவில்லை என்றால் ஜீப்பில் இறங்கி வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள். இலைத் தண்ணீரை நம்பாதே. கொடுக்கிறவரை வேண்டுமானால் நம்பு.

இந்த வாரம் வார்டில் ஒரு அதிசயம் நடந்தது. ஏழாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். நிமோனியா வந்து, காய்ச்சல் விட்ட பிறகும் மனிதர் தேறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். பெண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். “நெஞ்சு இன்னும் பலவீனமா இருக்கு, அசைக்காதீங்க” என்று பெரியவரும் சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

பிறகு அவரை நடக்க வைக்கச் சொல்லி உத்தரவு ஆனது. உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ வந்து, “ஐயா, எழுந்திரிங்க, வண்டி கிளம்புது” என்று கையைப் பிடித்தார். மனிதர் முறைத்தார். “டிரைவர் நானா நீயா?” என்று கேட்டுக்கொண்டே காலைக் கீழே வைத்தார் அக்கா! இத்தனை நாளில் அவர் பேசிய முதல் வாக்கியம். அடுத்த நாள் வராண்டா வரை போனார். “இந்த வளைவுல ஹாரன் அடிக்கணும்” என்றார். ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரியவர் வந்து பார்க்கிறார், டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கிறார்.

“இவரை யாரு எழுப்பினது?”

“நீங்கதான் சார்,” என்றார் சிஸ்டரம்மா.

“நானா?”

“டேப்ல இருக்கு சார். உங்க உத்தரவுதான்.”

பெரியவர் டேப்பைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “ம்… ஆமா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டிரைவரின் பெண்டாட்டி அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டது. பெரியவர் என்றால் சும்மாவா!

அவசரமாக முடிக்கிறேன். அப்பாவின் மருந்தை வாங்கி அனுப்ப வேண்டும்.

உன் தங்கை

---

ஜூலை 14
வானிலை நிலையம்

அடி,

நலம். இங்கே நான்கு நாளாக மேகம் ஜன்னலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. துணி காயவில்லை. ரேடியோக்காரர் தன் அறையில் ரேடியோப் பெட்டிக்கு மேலே கொடி கட்டிக் கொடுத்தார், அந்தச் சூட்டில் காய்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு நீ சொன்ன பயிற்சியை அவர் செய்கிறாரா, செய்வதாகச் சொல்கிறாரா?

டிரைவர் எழுந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நீ கதை சொன்னால் ஒருத்தர் தும்மியதைக்கூட விடமாட்டாய். பிசியோ சொன்னதை எழுதியிருக்கிறாய், டிரைவர் சொன்னதை எழுதியிருக்கிறாய், சிஸ்டரம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறாய். நடக்க வைக்கச் சொல்லிப் பெரியவர் என்ன சொன்னார் என்று மட்டும் இல்லை. “உத்தரவு ஆனது” என்கிறாய். யாருடி உனக்கு அரசாங்கக் கடிதம் மாதிரி எழுதக் கற்றுக்கொடுத்தது?

என்ன நடந்தது?

அக்கா

---

ஆகஸ்ட் 6
விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை தலைக்கு மேல். எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அப்பா பயிற்சி செய்வதாகச் சொல்கிறார். நீ நினைத்ததுதான்.

டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது வார்டு வாசலில் நின்று, “எல்லாரும் ஏறியாச்சா? போகலாம், ரைட்!” என்று கத்தினார். ஆறாம் கட்டில் கடைக்காரர்கூடப் போர்வைக்குள்ளிருந்து விசிலடித்தார். காலில் ஆறாத புண்ணோடு வந்தவர், உலகமகா சோம்பேறி. அவரும் இப்போது வீட்டுக்குப் போய்விட்டார், கட்டு மாற்ற மட்டும் வாரம் ஒருமுறை வருகிறார்.

இங்கே பெரிய செய்தி, பெரியவர் திட்டுவதை நிறுத்திவிட்டார்! பயிற்சி டாக்டர்கள் எல்லாரும் கொண்டாட்டத்தில் இருக்கிறோம். முன்பெல்லாம் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் வராண்டா வரை கேட்கும். இப்போது, “அப்படியா? சரி, நீ பார்த்தது சரியாத்தான் இருக்கும்” என்கிறார். ஒவ்வொரு கட்டிலிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, “இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு” என்று கேட்கிறார். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். உள்ளங்கையில் பேனாவால் ஏதேதோ எழுதிக்கொள்கிறார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. நேற்று சோப்புப் போட்டுக் கழுவும்போது பாதி அழிந்துவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டே குழாயடியில் நின்றார்.

உன் கடிதத்தில் ரேடியோக்காரர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று பார்த்தாயா? இலைத் தண்ணீர், கொடிக்கயிறு, சிரிப்பு. அங்கே மழை பெய்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது, அவர் மட்டும் தெரிகிறார். நீ முதலில் பதில் சொல்லு.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 15
வானிலை நிலையம்

சுகம். மழை பெய்கிறது. போதுமா?

பேச்சை மாற்றாதே. பெரியவர் திட்டவில்லை என்று நீங்கள் கொண்டாடுகிறீர்களா? உங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம் ஒரு கேடா? நெற்றியைத் தட்டிக் காட்டிய மனிதர் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார் என்றால் அவர் பயந்துபோயிருக்கிறார். மலையில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற உனக்குத் தெரியாதா?

தெரியும். அதனால்தான் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாய்.

என்ன செய்தாய், சொல்லு. அடிக்க மாட்டேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 24
விடுதி

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் சரியில்லை. உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன், அழுதால் யாருக்கும் தெரியாது என்று.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ரவுண்ட்ஸில் பெரியவர் ஆறாம் கட்டிலில் நின்றார். கடைக்காரரைத்தான் நடக்கச் சொன்னார், காலையிலும் மாலையிலும் வராண்டா வரை. சிஸ்டரம்மா அப்போதுதான் வாசலில் ஒரு புது நோயாளியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மற்ற பயிற்சி டாக்டர்கள் ஒரு நோயாளியை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நான் கடைக்காரர் பெயரைத் தொட விரலைக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்துப் புது நோயாளியின் பெயர் பட்டியலில் கடைசியில் வந்து உட்கார்ந்தது. வேறு வார்டுக்குப் போன மூன்றாம் கட்டில்காரர் பெயர் மேலேயிருந்து போனது. கீழே இருந்த வரிகள் எல்லாம் ஒரு படி மேலே எகிறிக் குதித்தன. என் விரல் இறங்கிய இடத்தில் ஏழாம் கட்டில் இருந்தது. ஒரு வரி கீழே. நான் பார்க்கவில்லை அக்கா, அமுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டேன்.

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. அவருக்கு நல்லதாக முடிந்தது அவருடைய அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டம். மூச்சுத் திணறி விழுந்திருந்தால்?

அன்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா, நான் கடைக்காரரைத்தான் நடக்கச் சொன்னதா எனக்கு ஞாபகம். டேப் டிரைவர்ங்குது. நான் டிரைவரையா சொன்னேன்?” என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். எதிரே அவர் மேஜையில் என் பயிற்சிச் சான்றிதழ் கையெழுத்துக்காகக் கிடந்தது. “ஆமா சார், டிரைவரைத்தான் சொன்னீங்க” என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். “நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே” என்றார்.

அப்போது அது சின்னப் பொய்யாகத்தான் தெரிந்தது. அவருடைய அண்ணனுக்கு இந்த வயதில்தான் ஞாபகம் போக ஆரம்பித்ததாம், கடைசியில் பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லையாம். இது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அடுத்த மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரியை விட்டு விலகப்போகிறேன் என்று அவரே எங்களிடம் சொன்னார். “தப்பு பண்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதில்லையா?” என்று சிரித்தார். சிஸ்டரம்மா மருந்து அறைக்குள் போய்விட்டார்.

அந்த மனிதருக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. அவர் சொன்னது சரி, அவர் ஞாபகமும் சரி. நான் ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். திறக்கப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

உன் தங்கை

---

செப்டம்பர் 5
விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் நிற்கிறதாம். நீங்கள் எல்லாரும் பத்திரமா? அம்மாவிடம் மண் சரிந்ததைச் சொல்லவில்லை. இருமலைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை, எனக்கு இப்போது இருப்புக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டேன் அக்கா! நீ எழுதட்டும் என்று காத்திருந்து பார்த்தேன், முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலை, ரவுண்ட்ஸுக்கு முன்னால், அவர் அறைக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டியல் குதித்தது, விரல் இறங்கியது, நான் சொன்ன பொய், எல்லாம். கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. “உட்காரும்மா” என்றார். “நீ நல்ல பொண்ணு. என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறே. வேண்டாம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்ல சார், நிஜமாத்தான் சொல்றேன்!”

“என் அண்ணன்கிட்ட நாங்களும் இப்படித்தான் சொன்னோம். ‘நீ மறக்கல, நாங்கதான் சாவியை மாத்தி வெச்சுட்டோம்’னு. அவரும் நம்பற மாதிரி தலையாட்டினார். பாவம், எங்களைத் தேத்தறதுக்காக.”

அடக் கடவுளே! பொய் சொன்னபோது சட்டென்று நம்பினார். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். நான் சத்தியம் செய்தேன், அழுதேன். அழ அழ அவருக்கு என்மேல் இரக்கம்தான் அதிகமானது. தண்ணீர் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டது நான் மட்டும் இல்லை. யாரிடம் சொன்னாரோ அவரும் கேட்டிருக்கிறாரே! கட்டு மாற்றும் அறைக்கு ஓடினேன். நல்லவேளை, கடைக்காரர் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, பெரிய டாக்டர் கூப்பிடறார்.”

“எதுக்கு? நான் ஒண்ணும் பண்ணலையே!”

“வாங்க ஐயா, தயவு பண்ணி.”

“எவ்வளவு தூரம் நடக்கணும்?”

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். பெரியவர் என்னைப் பார்த்து, ‘இதெல்லாம் எதுக்கும்மா’ என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனாலும் கேட்டார்.

“பக்கத்துக் கட்டில் டிரைவரை நடக்க வெச்சாங்களே, அதுக்கு முந்தி ரவுண்ட்ஸ்ல உங்ககிட்ட நான் ஏதாவது சொன்னேனா?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “திட்டமாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“எனக்குத்தான் சார் சொன்னீங்க. ‘கடையைத் திறக்க வேண்டாமா? எழுந்து நடங்க, காலையிலயும் சாயங்காலமும் வராண்டா வரைக்கும்’னு. சரி, நம்மளைப் பிடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாள் பார்த்தா அந்த பிசியோ தம்பி என்னைத் தாண்டிப் போய் டிரைவரை எழுப்புது. நான் எதுக்கு வாயைக் கொடுக்கணும்? தப்பிச்சோம்டா சாமின்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்.”

பெரியவர் எழுந்து நின்றார். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“திட்டமாட்டேன்னீங்களே சார்!”

“திட்டலை. சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்?”

“கடையைத் திறக்க வேண்டாமான்னு…”

“கடையைத் திறக்க வேண்டாமா!” என்று பெரியவர் மேஜையைத் தட்டினார். “அதேதான் சொன்னேன்! எனக்கும் அந்த வார்த்தைதான் ஞாபகம்! அப்போ வலது கைல போர்வையைப் பிடிச்சிருந்தீங்க, ஒரு வாழைப்பழம் பாதி உரிச்சு வெச்சிருந்தீங்க!”

“அது எப்படி சார் தெரியும்?” என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

அக்கா, அவர் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைப் போட மறந்து அப்படியே வார்டுக்குள் ஓடினார். “சிஸ்டர்! நான் சொல்லலை! டிரைவரை நடக்கச் சொன்னது நான் இல்ல! இந்தப் பொண்ணு தப்பா அமுக்கிட்டா!” என்று குழந்தை பிறந்த செய்தி சொல்கிற மாதிரி ஒவ்வொரு கட்டிலாகச் சொன்னார். என்ன ஏது என்று புரியாமலே நோயாளிகள் கைதட்டினார்கள். சிஸ்டரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பெரியவர் வராண்டாவில் நின்று பெண்டாட்டிக்குப் போன் போட்டார். “எனக்கு ஒண்ணும் இல்லடி! ஒண்ணுமே இல்ல!” என்றார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது எனக்கு. யப்பா! இரண்டு மாதம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். “அந்த மனுஷனுக்கு நடுவழியில மூச்சு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பே? தெரிஞ்ச அன்னிக்கே ஏன் சொல்லல? தப்பா அமுக்கினது கை. பொய் சொன்னது யாரு?” என்று முதல் கட்டிலில் ஆரம்பித்துக் கடைசிக் கட்டில் வரை விடவில்லை. அழுதுகொண்டே நின்றேன். ஆனால் அவர் குரல் வராண்டா வரை கேட்டது அக்கா, அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நடந்ததை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தோம். ரகசிய எண்ணைக் கொடுத்தது தன் தப்பு என்று அவர் எழுதினார், மற்றது என் தப்பு என்று நான் எழுதினேன். சான்றிதழில் கையெழுத்து இல்லை. இன்னும் ஒரு மாதம் அவர் வார்டிலேயே வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு உத்தரவையும் நோயாளியின் பெயரோடு சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அமுக்குவது இனி அவரே. ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்துகிறார். ரவுண்ட்ஸ் முடிய மத்தியானம் ஆகிறது.

விலகவில்லை. அதை மட்டும் வாயால் சொல்லவில்லை, அடுத்த மாத ட்யூட்டிப் பட்டியலில் தன் பெயரை முதலில் போட்டார்.

உன் தங்கை

---

செப்டம்பர் 20
வானிலை நிலையம்

என் தங்கமே,

எல்லாரும் பத்திரம். பாதை நேற்றுத்தான் சரியானது. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. ஆகஸ்டில் எழுதியதைப் படித்த கையோடு அடுத்ததைக் கிழித்துப் பிரித்தேன். “வாழைப்பழம் பாதி உரிச்சு” என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தில் காற்றுமானி பார்க்கப் போனவர் திரும்பி ஓடி வந்தார்.

உனக்கு எவ்வளவு தைரியம்! நான் சொல்லித்தான் செய்வாய் என்று நினைத்திருந்தேன். எனக்காகக் காத்திராமல் செய்தாய் பார், அதுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. பொய் சொன்னதற்குக் காதைத் திருகவும் வேண்டும், அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இருமல் போய்விட்டது. ஆமாம், இலைத் தண்ணீரில்தான். ஆமாம், நீ நினைக்கிற மாதிரிதான். அடுத்த மாதம் நானும் அவரும் சேர்ந்து இறங்கி வருகிறோம். அம்மாவிடம் நீயே பக்குவமாக ஆரம்பித்து வை. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

---

அக்டோபர் 2
விடுதி

அன்புள்ள அக்காவுக்கும் (இனிமேல் எழுதலாம் இல்லையா) அத்தானுக்கும்,

இங்கே எல்லாரும் நலமோ நலம். அம்மாவிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். “எனக்கு ஜூன்லயே தெரியும். ரெண்டு பக்கம் எழுதியிருந்தாளே, அதுல ஒண்ணரைப் பக்கம் அந்தப் பையனைப் பத்தித்தான்” என்றாள். எந்த ஜீப்பில், எந்தத் தேதியில் என்று மட்டும் சீக்கிரம் எழுது. அப்பா இப்போதே முழங்கால் பயிற்சியை நிஜமாகச் செய்கிறார், மாப்பிள்ளை முன்னால் நொண்டக் கூடாதாம்.

இன்றைக்கு ரவுண்ட்ஸ் நடக்கும்போது ஒரு அம்மா வார்டு வாசலில் வந்து நின்றார். பெரியவர் டேப்பைக் கொத்திக்கொண்டிருந்தார், அவரைக் கவனிக்கவில்லை. சிஸ்டரம்மா என் காதில், “அவர் வீட்டம்மா” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு மாதம் இவர் வீட்டில் எப்படி இருந்திருப்பார், அதை இந்த அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்! பெரியவர் திட்டியதை வாங்கிக்கொண்டேன், இவர் திட்டினால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. நேராக என்னிடம்தான் வந்தார்.

“தப்பா அமுக்கின பொண்ணு நீதானா?”

“ஆமாம்மா. மன்னிச்சிடுங்க,” என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உம்மேல எனக்குக் கோபம் உண்டும்மா, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா நேத்து சாயங்காலம் அவர் என்கூட சண்டை போட்டார். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“சண்டையா?”

“மூணு மாசமா நான் என்ன சொன்னாலும், ‘நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு தலையாட்டிட்டுப் போயிடுவார். உண்மை தெரிஞ்ச அப்புறமும் வீட்டுல அந்தப் பழக்கம் போகல. வீடே செத்துக் கிடந்துச்சு. நேத்து எங்க கல்யாணத்தைப் பத்திப் பேச்சு வந்துச்சு. என் தம்பி அன்னிக்கு நீலச் சட்டை போட்டிருந்தான்னு நான் சொன்னேன். இல்ல, வெள்ளைங்கிறார். நீலம்ங்கிறேன். குதிக்கிறார், மேஜையைத் தட்டறார், ‘உனக்கு ஒரு மண்ணும் ஞாபகம் இல்ல, எல்லாம் எனக்குத்தான் ஞாபகம் இருக்கு’ன்னு கத்தறார். ரொம்ப நாளைக்கப்புறம் என் புருஷன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சும்மா.” சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

“கடைசில யார் சொன்னதும்மா சரி?” என்று கேட்டேன்.

அவர் பெரியவர் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அவர் சொன்னதுதான் சரி. வெள்ளைதான். நேத்து அவர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டோவை எடுத்துப் பார்த்துட்டுத்தான் நீலம்னு ஆரம்பிச்சேன். ஆனா நான் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டா சண்டை முடிஞ்சிடுமே!”

உன் தங்கை